காரைப் பற்றி ஓட்டுகிறவனிடமும் கேளுங்கள்

பெங்களூரில் ஆக்டிங் டிரைவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். சொந்தக் கார் வைத்திருப்பவர் அன்றைக்குத் தான் ஓட்ட வேண்டாம் என்று நினைத்தால் போன் போட்டுக் கூப்பிடுகிற ஆள். காலையில் ஜெயநகரில் ஒரு ஆட்டோமேட்டிக், மத்தியானம் இந்திராநகர் பெரியவர் ஒருவரின் பழைய மாருதி, ராத்திரி ஏர்போர்ட்டுக்கு ஒரு எலெக்ட்ரிக் வண்டி. ஒரே நாளில் மூன்று வித பெடல், மூன்று வித கியர், மூன்று வித பீப் சத்தம். ஒரே காரை வருஷக்கணக்காக ஓட்டுகிறவருக்கு இந்த ஒப்பீடு கிடைக்காது. எந்த வசதி தெருவில் வேலை செய்கிறது, எது ஷோரூம் வெளிச்சத்தில் மட்டும் அழகாக இருக்கிறது என்பது எங்கள் கைக்கும் காலுக்கும் முதலில் தெரிந்துவிடும்.

நான் காவேரிப்பட்டணத்துப் பக்கத்துக்காரன். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூருக்கு வந்து டூரிஸ்ட் டாக்ஸி அம்பாசிடரில் தொழில் பழகினேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. சிவாஜிநகர் சந்துக்குள் திருப்பி எடுத்தால் தோள்பட்டை பேசும். 2000-க்குப் பிறகு ஐ.டி. கம்பெனி டியூட்டி வந்தது. பக்கத்து பிடதியில் தயாரான குவாலிஸில்தான் அன்றைக்குப் பாதி ஊர் வேலைக்குப் போய் வந்தது. அப்புறம் ஆப் டாக்ஸி. இப்போது நான்கைந்து குடும்பங்களுக்கு நிரந்தரமாகவும், மற்ற நாட்களில் கூப்பிட்ட இடத்துக்கும் ஓட்டுகிறேன். ஏர்போர்ட் பார்க்கிங்கில் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் அடிபடுகிற விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடது முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வழியாக கே.ஆர்.புரம் போகிற அவுட்டர் ரிங் ரோட்டில் சாயங்காலம் கிளட்ச் வண்டி ஓட்டியவனுக்கு இது புரியும். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பிரேக், நியூட்ரல், மறுபடி முதல் கியர். 2022-இல் இந்த ஊரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிஷம் ஆனது என்று டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டு, உலகிலேயே இரண்டாவது மெதுவான நகரம் என்றது. அந்த 29 நிமிஷமும் ஒரு கால் கிளட்சில் தொங்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போய் மாடிப்படி ஏற முடியாது. எங்கள் ஆட்களில் நாற்பது வயது தாண்டிய பலர் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்கள்.

2014-இல் மாருதி செலேரியோவில் தானாக மாறும் ஏ.எம்.டி. கியர் வந்தது. அதற்கு முன் ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் வண்டி. ஏ.எம்.டி. வந்தபின் சின்னக் காரிலும் கிளட்ச் பெடல் காணாமல் போனது. கியர் மாறும்போது ஒரு இழுப்பு இழுக்கும், மேட்டில் கொஞ்சம் தயங்கும், பிக்கப் போதாது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எல்லாம் உண்மைதான். இருந்தாலும் இத்தனை வருஷத்தில் காரில் வந்த எந்த மாற்றம் ஓட்டுநருக்கு அதிகம் நல்லது செய்தது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஷோரூமில் இதை வசதி என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு இது பாதுகாப்பு. கால் வலிக்கிறவன் எரிச்சலில் ஓட்டுவான். எரிச்சலில் ஓட்டுகிறவன் சந்து கிடைத்தால் நுழைவான், சிக்னல் விழுமுன் பாய்வான். வலி இல்லாதவன் பொறுமையாக நிற்பான். ஏ.சி., பவர் ஸ்டியரிங், உயரத்தை மாற்றக்கூடிய சீட், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். உட்கார்ந்து வருகிறவருக்குச் சுகம், ஓட்டுகிறவனுக்கு நிதானம்.

ஆனால் ஆட்டோமேட்டிக்கைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? யாரும் இல்லை. வருஷக்கணக்காகக் கிளட்ச் மிதித்த இடது கால், ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்தவுடன் தன்னால் முன்னால் போகும். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். கிளட்ச் என்று நினைத்து முழுசாக மிதித்தால் வண்டி குத்தி நிற்கும், பின்னால் வருகிறவன் இடிப்பான். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, இடது காலை சீட்டை ஒட்டிப் பின்னால் மடக்கி வை. அதுக்கு இன்னைக்கு லீவு."

பிரேக் விஷயத்தில் இன்னும் பெரிய இடைவெளி. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் எல்லா கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், பிடித்துப் பிடித்து விடும் அமைப்பு. இதனால் பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்து விலக முடியும். நல்ல விஷயம். ஆனால் அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று நடுங்கும், ஒரு அரைக்கிற சத்தம் வரும். இது தெரியாதவன் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவான். எந்த நொடியில் காலை எடுக்கவே கூடாதோ அந்த நொடியில் எடுப்பான். அம்பாசிடர் காலத்தில் பழகியவர்களுக்கு இன்னொரு பழக்கம், பிரேக்கை விட்டு விட்டுப் பம்ப் அடிப்பது. அன்றைக்கு அது சரியான பாடம். ஏ.பி.எஸ். வண்டியில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டும். மிதி, மிதித்தபடியே பிடி, வண்டியைத் திருப்பு. இந்த மூன்று சொல்லை லைசென்ஸ் எடுக்கும்போது யாராவது சொன்னார்களா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். சொன்னார்கள் என்றவர் ஒருவரும் இல்லை. ஆளில்லாத இடத்தில், மழை பெய்து ஈரமான சாலையில், மெதுவான வேகத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்துக் காலுக்கு அந்த நடுக்கத்தைப் பழக்கினால் போதும். அது உயிரைக் காக்கும் பாடம்.

2019 ஜூலை 1 முதல் டிரைவர் பக்க ஏர்பேக், பின்பக்க பார்க்கிங் சென்சார், பெல்ட் போடச்சொல்லும் சத்தம், 80 தாண்டினால் எச்சரிக்கும் சத்தம் எல்லாம் புது கார்களில் கட்டாயமானது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கான ஏர்பேக் 2021 கடைசிக்குள் எல்லா கார்களுக்கும் வந்தது. பார்க்கிங் சென்சாரும் ரிவர்ஸ் கேமராவும் பற்றி எங்களுக்குள் சண்டையே கிடையாது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில், சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடத்தில் பின்னால் எடுக்கிறவனுக்கு அந்தக் கேமரா கடவுள் கொடுத்த கண். காலையில் ஈரத்துணியால் லென்ஸைத் துடைத்து வைக்க வேண்டியது மட்டும் நம் வேலை.

பெல்ட் சத்தம் வேறு கதை. டிரைவர்கள் பெல்ட் போடாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று வெளியில் நினைக்கிறார்கள். முன்சீட்டில் இன்றைக்கு நாங்கள் எல்லோருமே போடுகிறோம், போலீஸுக்காகவாவது. பிரச்சினை பின்சீட்டில். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த, உறுதியான கார். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள், அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் பின்சீட்டில் பெல்ட்டைத் தேடினார்கள். பல கார்களில் பக்கிள் சீட் கவருக்கடியில் புதைந்து கிடந்தது. இரண்டு மாதத்தில் பழையபடி ஆனது.

முதலாளி பின்னால் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை. நான் எப்படிச் சொல்வது? "சார், பெல்ட்" என்று ஒருமுறை சொல்லலாம். அவர் கேட்காத மாதிரி போனைப் பார்த்தால் இரண்டாம் முறை சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேறு ஆளைக் கூப்பிடுவார். இதில் என் உயிரும் இருக்கிறது. மோதலின்போது பின்சீட்டில் கட்டப்படாத உடம்பு அதே வேகத்தில் வந்து என் சீட்டின் முதுகில்தான் அடிக்கும். பெல்ட் போட்ட டிரைவரையும் அது நசுக்கும். அதனால் கார் அடிக்கிற பீப் எனக்குப் பெரிய துணை. நான் சொல்லத் தயங்குவதை அது தயங்காமல் சொல்கிறது. அதை வாயடைக்க ஒரு கிளிப் வந்தது. பெல்ட் பக்கிளில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக வண்டி நம்பிக்கொள்ளும். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு இதை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. இன்றும் நான் ஏறுகிற கார்களில் அந்தக் கிளிப்பைப் பார்க்கிறேன். பார்த்தால் கழற்றி, பிள்ளைகள் கையில் படாமல் டேஷ்போர்டு அறைக்குள் போட்டுவிட்டு, இறங்கும்போது ஓனரிடம் சொல்லிவிடுவேன். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

ஏர்பேக்கைக் கெடுப்பதும் இந்த மாதிரி கடைச் சரக்குதான். ஜே.சி. ரோட்டில் பளபளவென்று சீட் கவர் மாட்டித் தருவார்கள். நிறைய கார்களில் முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்துக்குள் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கும், அந்த இடத்தில் சின்ன அடையாளப் பட்டையும் தைத்திருக்கும். முரட்டுத் தையல் போட்ட கவரால் அதை மூடினால் பை எந்த வழியாக விரியும்? ஏர்பேக்குக்காகத் தையல் பிரியும்படி செய்த கவர்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டுவதும் அப்படித்தான். மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது மாற்றிவிடும், நடந்து போகிறவரின் காலையும் முறிக்கும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எங்கள் ஆட்கள் இன்னமும் அதை வண்டிக்குக் கவசம் என்று நம்புகிறார்கள்.

இப்போதைய பெரிய பேச்சு அடாஸ் என்கிற ஓட்டுநர் உதவி அமைப்பு. 2020-இல் எம்.ஜி. குளோஸ்டரிலும், 2021-இல் மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700-இலும் வந்தபின் நடுத்தர வீடுகளுக்கும் நுழைந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குப் பின்னால் ரேடார். முன்னால் இடைஞ்சல் தெரிந்தால் கத்தும், கடைசியில் தானே பிரேக் அடிக்கும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை இழுக்கும். இதற்கான மென்பொருளில் ஒரு பங்கு இந்த ஊரிலேயே எழுதப்படுகிறது. மெர்சிடிஸின் ஆராய்ச்சி மையம் 1996 முதல் இங்கே இருக்கிறது. பாஷ் நிறுவனத்தின் பெரிய வளாகம் ஆடுகோடியில், பழைய ஆட்களுக்கு மைக்கோ. அந்த மாதிரி வேலை பார்க்கும் இளைஞர்கள் என் பின்சீட்டில் வருகிறார்கள். ஒருவர் ஒருநாள் முழுப் பயணமும் எனக்கு விளக்கினார். கேமரா எப்படி வெள்ளைக் கோட்டைத் தேடுகிறது, முன்கண்ணாடி மாற்றினால் ஏன் கேமராவை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும், மழைச்சேறு ரேடாரை எப்படி மறைக்கும் என்றெல்லாம். நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன்: "கே.ஆர். மார்க்கெட் முன்னாடி கோடு எங்கே சார் இருக்கு?" அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அந்தப் பையன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஊருக்குள் அடாஸ் எங்களைப் படுத்துகிறது. முன் வண்டிக்கும் நமக்கும் நடுவில் அது விடுகிற இடைவெளியில் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் நுழைந்துவிடும். அது பதறிப் பிரேக் அடிக்கும். பின்னால் பஸ் ஒட்டி வந்தால் நம் முதுகில் இடிதான். பொம்மசந்திராவுக்கு அருகே ஹொசூர் ரோட்டில் பள்ளத்தை விலக்கி ஓட்டும்போது ஸ்டியரிங் மறுபடி பள்ளத்தை நோக்கி இழுத்த அனுபவம் எனக்குண்டு. இண்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினால் இழுக்காது. ஆகவே பலர் வண்டியில் ஏறியவுடன் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோடு பிடிக்கும் உதவியை ஊருக்குள் அணைக்கலாம். மோதல் எச்சரிக்கையையும் அவசரப் பிரேக்கையும் அணைக்கக் கூடாது. எச்சரிக்கையின் தூரத்தைக் குறைத்து வைக்கும் வசதி பெரும்பாலான கார்களில் இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்தால் போதும். 2023 மார்ச்சில் திறந்த மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில், கேமரா கண்காணிப்பில் 100 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் போக, முன்வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ் நல்ல துணை. இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுகிற நம் ஊர்ப் பழக்கத்தை இந்த ஸ்டியரிங் இழுப்பு கொஞ்சம் திருத்தினால் அதுவும் நல்லதுதான்.

மலை இறக்கத்தில் இந்த எலெக்ட்ரானிக் உதவி எதுவும் கைகொடுக்காது. வார இறுதியில் பெங்களூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் மசினகுடிக்கு மேல் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி சாலையில் ஏறுகிறார்கள். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. காரணம் பிரேக் விபத்துகள். ஆட்டோமேட்டிக்கை 'டி'-யில் போட்டுவிட்டு முழு இறக்கமும் பிரேக்கில் கால் வைத்தே வந்தால், பிரேக் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிப்பே இருக்காது. ஏ.பி.எஸ். இருந்தும் பயனில்லை. இரண்டாம் கியரிலோ 'எல்'-லிலோ போட்டு இன்ஜினைக் கொண்டு பிடிக்க வேண்டும். எலெக்ட்ரிக் வண்டியில் மோட்டாரே பிடிக்கிற ரீஜெனரேஷனைக் கூட்டி வைக்க வேண்டும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிக் கவிழ்ந்த லாரிகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தொடுதிரையைப் பற்றி ஒரே வார்த்தை: ஆபத்து. ஏ.சி.யைக் குறைக்க மூன்று தடவை திரையைத் தட்ட வேண்டிய கார்கள் வந்துவிட்டன. கண்ணை எடுக்காமல் விரலால் தடவித் திருகுகிற குமிழ்தான் ஓட்டுகிறவனுக்கு வேண்டும். ஐரோப்பாவின் கார் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம் பாரத் என்கேப்பும் இதைப் பின்பற்ற வேண்டும்.

2024 டிசம்பர் 21-ஆம் தேதியை எங்கள் யாராலும் மறக்க முடியாது. நெலமங்கலாவுக்கு அருகே துமகூரு சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து ஒரு வோல்வோ கார் மேல் கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட ஒரே குடும்பத்து ஆறு பேர் இறந்தார்கள். 1959-இல் மூன்று புள்ளி சீட் பெல்ட்டைக் கொண்டுவந்து, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று உரிமையைத் திறந்துவிட்ட கம்பெனியின் கார். "பார்த்தீங்களாண்ணே, அஞ்சு ஸ்டார் ஆறு ஸ்டார்னு சொன்னாங்க, என்ன ஆச்சு?" என்று ஏர்போர்ட்டில் ஒரு பையன் கேட்டான். நான் கோபப்பட்டேன். கார் செய்யக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. அத்தனை எடை மேலே விழுந்தால் எந்தக் காரும் தாங்காது. அதைக் காட்டி பெல்ட்டும் ஏர்பேக்கும் வீண் என்று சொல்வது இறந்தவர்களுக்கும் அநியாயம், உயிரோடு இருப்பவர்களுக்கும் அநியாயம். முன்னால் போன கார் திடீரென்று பிரேக் அடித்ததால் ஒடித்தேன் என்று லாரி ஓட்டுநர் சொன்னதாகச் செய்தி வந்தது. அப்படியானால் நாம் பேச வேண்டியது லாரியின் பிரேக், லாரி ஓட்டுநரின் தூக்கம், சாலைத் தடுப்பின் வலு. புது லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு அறிவித்து, 2025-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. கார்களுக்கு இத்தனை வருஷம் சுகம் சேர்த்த தொழில், சாலையில் நமக்குப் பக்கத்தில் வருகிற அந்த மனிதனைக் கடைசியாகத்தான் நினைத்தது.

ஓட்டுநரின் அசதியைக் கார் கண்டுபிடிக்கும் காலம் இது. ஸ்டியரிங் பிடிக்கிற விதம் தளர்ந்தால் மீட்டரில் ஒரு காபிக் கோப்பை எரியும்: ஓய்வெடுங்கள். அதிகாலை விமானத்துக்குத் தேவனஹள்ளி போகும் வழியில் எனக்கு அது எரிந்திருக்கிறது. "ஸ்வல்ப பேகா ஹோகப்பா", கொஞ்சம் சீக்கிரம் போப்பா என்று பின்னாலிருந்து கன்னடத்தில் குரல் வந்தது. யார் பேச்சைக் கேட்பது? 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது. ஆப் டாக்ஸிக்காரரும் வீட்டு டிரைவரும் அந்தக் கணக்குக்குள் வந்ததே இல்லை.

கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெலிவரி நாளில் ஷோரூம் ஆள் உங்களுக்கு அரை மணி நேரம் எல்லாவற்றையும் காட்டுவார். வண்டியை ஓட்டப்போகிற டிரைவரை வெளியே நிறுத்தாதீர்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டால் சாவி கொடுக்கும்போது ஐந்து நிமிஷம் செலவழித்து, என்னென்ன உதவிகள் ஆனில் இருக்கின்றன, எங்கே அணைப்பது, கியர் எப்படி என்று சொல்லுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்ததும் பெல்ட்டை நீங்களே இழுத்துப் போடுங்கள். காபிக் கோப்பை எரிந்தால் ஓரம் கட்டச் சொல்லுங்கள். ஒரு டீ குடிக்க ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்த்து வீட்டிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள்.